சிறு பயிரின் பெயரால்

ஏழையின் பெயரால் நடத்தப்படும் தருமங்களிற் பல ஏழையின் வாசலை எட்டுவதில்லை. இது நமக்குப் புதிய செய்தியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பீடைநாசினிச் சட்டத்திலே அத்தகைய தருமம் ஒன்று 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. வெங்காயம், கோவா, கரட், கீரை முதலிய சிறு பயிர்களுக்கு ஏற்ற களைநாசினிகள் கிடைப்பதில்லை, அக்குறையைத் தீர்க்க வேண்டும் என்பதே அத்தருமத்தின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. குறையைத் தீர்க்க முன்வரும் இரசாயனக் கம்பனிக்குச் சன்மானம் உண்டு. ஆனால் அச்சன்மானம் வெங்காயப் பாத்தியிலிருந்து வருவதில்லை. அதே நாசினி சோளத்துக்கும் சோயாவுக்கும் விற்கப்படுவதானால், 16 கோடி ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அப்பெருஞ்சந்தையிலும் அக்கம்பனியின் ஏகபோகம் மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக் கொடுக்கப்படுகிறது. இதற்கு இடப்பட்டுள்ள பெயர் "தரவுப் பாதுகாப்பு".

பாதுகாப்பு என்ற சொல் எவர் காதுக்கும் இனியதே. எதைப் பாதுகாக்கிறார்கள், எவரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் அதன் உட்பொருள் வெளிப்படுகிறது. இங்கே விலைபேசப்படும் பண்டம் அறிவு. ஒரு நஞ்சு மனிதனுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் என்ன செய்யும் என்பதைப் பற்றிய அறிவு. கற்பதையும் கற்பிப்பதையும் வாழ்வாகக் கொண்டவர்கள் இந்த வியாபாரத்தை அலட்சியம் செய்துவிட முடியாது.

முதலில் இத்தரவு யாதென்று பார்ப்போம். ஒரு புதிய களைநாசினியைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பும் கம்பனி, அதனை எலிகளுக்கும் மீன்களுக்கும் பறவைகளுக்கும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அது மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது, நிலத்தடி நீரில் இறங்குகிறதா, அறுவடையான பயிரில் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். பல ஆண்டுகளையும் பல கோடி டொலரையும் விழுங்கும் வேலை இது. சோதனை முடிவுகள் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவற்றின் மீது பதிவு வழங்கப்படுகிறது. பொருளின் கண்டுபிடிப்புக்குரிய காப்புரிமை வேறு. இத்தரவின் மீதான உரிமை வேறு. காப்புரிமை காலாவதியான பின்னரும் தரவுரிமை வாசலில் காவல் நிற்க முடியும்.

1978ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வுரிமைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. புதிய நாசினியொன்று பதிவான நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு, முதற் கம்பனியின் எழுத்து மூலமான அனுமதியின்றி வேறெவரும் அத்தரவை ஆதாரமாகக் காட்டித் தமது பொருளைப் பதிவு செய்ய இயலாது. அதன் பின்னர், தரவு சமர்ப்பிக்கப்பட்டதிலிருந்து பதினைந்து ஆண்டுகள் நிறையும் வரை, நட்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டு பயன்படுத்தலாம். உடல்நலம் பற்றிய முடிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெறுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அவர்கள் வாசிக்கலாம், மலிவு விலையில் அதே பொருளைச் செய்யக்கூடிய இன்னொரு நிறுவனம் மட்டும் அதனைப் பயன்படுத்த முடியாது. அந்நிறுவனம் பொறுத்திருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்கு மறுபடியும் விடை காண்பதற்காக அத்தனை எலிகளையும் மீண்டும் கொல்ல வேண்டும். விஞ்ஞானத்தின் பெயரால் இதைவிட மூடத்தனமான வேலை வேறென்ன இருக்க முடியும்?

இந்தப் பத்து ஆண்டுகள் போதாவென்று 1996 ஓகஸ்ட் 3ஆம் நாள் கையெழுத்தான உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புதிய கதவைத் திறந்தது. பதிவு பெற்ற முதல் ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று "சிறு பயன்பாடுகளை" நாசினியின் பதிவிற் சேர்த்தால் ஏகபோகம் ஓராண்டு நீளும். ஆறு சேர்த்தால் ஈராண்டு. ஒன்பது சேர்த்தால் மூன்றாண்டு. நாடு முழுவதிலும் 3 இலட்சம் ஏக்கருக்குக் குறைவாகப் பயிரிடப்படுவது சிறு பயிர் என்பது சட்டம் கூறும் இலக்கணங்களுள் ஒன்று. அந்தப் பயிருக்கு வேறு தக்க நாசினிகள் போதிய அளவில் இல்லை, அல்லது இருப்பவை இதைவிட ஆபத்தானவை, அல்லது பழைய நாசினிகளுக்கு மசியாத களைகளைச் சமாளிக்க இது வேண்டும், அல்லது ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டில் இதற்கு முக்கிய இடமுண்டு என்று இவற்றுள் ஒன்றை நிறுவினாற் போதும். நிறுவுவதற்கான விவரங்களைத் தருவது கம்பனி. தீர்மானிப்பது சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம். அது கலந்தாலோசிப்பது விவசாயத் திணைக்களத்தின் செயலாளரை. களத்திலே குனிந்து நின்று களை பிடுங்குகிறவனுக்கு அந்த வாசகத்தில் இடமில்லை.

சிறு பயிர்களின் குறை கற்பனையன்று என்பதை நாம் மறுக்கவில்லை. வெங்காயத்தைப் பயிரிட்டவர் எவரும் அதனை அறிவர். மெல்லிய குழல்போன்ற அதன் இலை நிமிர்ந்து நிற்குமேயன்றி நிலத்துக்கு நிழல் தராது. மெதுவாக வளரும் அப்பயிரைக் களை எளிதில் மூடிவிடும். சோளத்துக்கு அடிக்கும் நாசினியைக் கொண்டுவந்து அதற்கு அடித்தால் களையோடு பயிரும் கருகிப் போகும். அதற்கென்று சோதித்துப் பதிவு செய்த நாசினியே வேண்டும். கம்பனியோ கணக்குப் பார்க்கிறது. சில ஆயிரம் ஏக்கருக்கு எத்தனை புட்டி விற்கும்? ஓர் ஏக்கர் மரக்கறியின் பெறுமதி பெரிது. நாசினியால் அது பழுதானால் கொடுக்க வேண்டிய நட்டஈடும் பெரிது. இலாபம் சிறிது, ஆபத்துப் பெரிது என்று கம்பனி விலகி நிற்கிறது.

நாசினி இல்லாத இடத்தில் மனிதன் குனிகிறான். கலிபோர்னியாவின் சலாட்டுக்கீரைத் தோட்டங்களிலே மெக்சிக்கத் தொழிலாளரின் கையில் ஒரு குட்டைக் கைப்பிடி மண்வெட்டி இருந்தது. "எல் கோர்ட்டிட்டோ", அதாவது குட்டையன், என்று அவர்கள் அதனை அழைத்தனர். அதனைப் பிடித்தால் நாள் முழுவதும் இடுப்பை மடித்து நிலத்தை நோக்கியே நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பது தூரத்தில் நின்ற மேற்பார்வையாளனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எத்தனையோ முதுகெலும்புகளைப் பாழாக்கிய பின், தொழிலாளரின் போராட்டத்தாலும் வழக்காலும், 1975ஆம் ஆண்டில் அது தடை செய்யப்பட்டது. எனவே களைநாசினியே வேண்டாமென்று நாற்காலியில் அமர்ந்துகொண்டு உபதேசிப்பது நமது நோக்கமன்று. இயந்திரமோ இரசாயனமோ மனிதனின் முதுகை நிமிர்த்துமானால் அதை வரவேற்போம். அந்த முதுகைக் காட்டி வேறொருவன் பணம் பறிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

"சிறு பயிர்" என்ற பெயரும் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. சிறு பயிர் என்றதும் நம் மனக்கண்ணில் சிறு தோட்டக்காரன் ஒருவன் தோன்றுகிறான். சட்டம் அளப்பதோ நாட்டின் மொத்த ஏக்கரை, உடையவனின் ஏக்கரையன்று. கலிபோர்னியாவின் மரக்கறித் தோட்டங்களிற் பல பெரும் வர்த்தக நிறுவனங்களின் கையில் உள்ளன. ஏழையின் முகத்தை வாசலில் வரைந்துவிட்டு உள்ளே பணக்காரனுக்குப் பந்தி வைக்கும் வேலை இந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

இனிச் சன்மானத்தின் கணக்கைப் பார்ப்போம். நீட்டிக்கப்படும் ஏகபோகம் சிறு பயிருக்கு மட்டும் உரியதன்று. நாசினியின் மூலத்தரவு முழுவதற்கும் உரியது. ஆகவே சன்மானத்தின் அளவைத் தீர்மானிப்பது வெங்காயத்தின் தேவையன்று. பெரும் பயிரின் சந்தையே. சோளத்திலும் சோயாவிலும் அமோகமாக விற்கும் நாசினிக்கு மூன்றாண்டு நீட்சி ஒரு பொற்சுரங்கம். வெங்காயத்துக்கு மிகப் பொருத்தமான, ஆனால் சோளத்தில் பயன்படாத நாசினி ஒன்று இருக்குமாயின், அதற்கு அதே மூன்றாண்டு நீட்சி செல்லாக் காசு. உதவி மிக வேண்டிய இடத்தில் ஊக்கம் மிகக் குறைவாகவும், வேண்டாத இடத்தில் மிக அதிகமாகவும் இருக்கும் திட்டத்தை எந்த அறிவாளி வகுத்தானோ! அன்றியும், எந்த ஒன்பது பயன்பாடுகளைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுப்பது கம்பனியே. பயிர்த் தொகுதியொன்றுக்குப் பதிவு கேட்டால், அதிலே தரவு காட்டிய ஒவ்வொரு பிரதிநிதிப் பயிரும் ஒரு பயன்பாடாக எண்ணப்படும். கடினமான பயிரை விட்டு எளிதான பயிரைச் சேர்ப்பதற்கு இதைவிட வசதி வேறு வேண்டியதில்லை. பயிர் கருகினால் நட்டஈடு கொடுக்க வேண்டி வருமே என்ற அச்சத்தை இந்த நீட்சி தீர்ப்பதுமில்லை.

இந்தச் சன்மானத்தை எவர் கொடுக்கிறார்? அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் அது ஒரு செலவாகத் தோன்றுவதில்லை. போட்டியில்லாத விலையில் நாசினி வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் அதனைச் செலுத்துகிறான். வரி என்று சொன்னால் சட்டசபையிலே விவாதிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். விலைக்குள் ஒளித்து வைத்துவிட்டால் இவ்வளவு வசூலானது, இவ்வளவு பயன் கிட்டியது என்று எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதனினும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. சிறு பயிர்களுக்கான சோதனைகளைக் கம்பனிகள்தாம் செய்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மாநிலங்களின் விவசாயப் பரிசோதனை நிலையங்களும் கூட்டாட்சி விவசாயத் திணைக்களமும் சேர்ந்து "பிராந்தியங்களுக்கிடையிலான ஆராய்ச்சித் திட்டம் இலக்கம் 4" என்பதை ஆரம்பித்தன. ஐ.ஆர்.-4 என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டம் பொதுப்பணத்தில் நடப்பது. கம்பனிகள் ஓரளவு ஒத்துழைப்புத் தருவதுண்டு. எனினும் பல்கலைக்கழக நிலத்தில் பயிரை நட்டு, நாசினியைத் தெளித்து, அறுவடை செய்து, மிச்சத்தை ஆய்வுகூடத்தில் அளந்து, அதற்கான உச்ச அளவை நிர்ணயிக்கும்படி விண்ணப்பம் எழுதுவது வரை இத்திட்டத்தின் விஞ்ஞானிகள் செய்கிறார்கள். இலாப நோக்கின்றி, மக்களின் செலவில், மக்களின் உணவுக்காகச் செய்யப்படும் இந்த வேலை போற்றத்தக்கது. இத்தனைக்கும் பிறகு, அப்பயிரைத் தன் புட்டியின் முகப்பில் எழுதுவதா இல்லையா என்று தீர்மானிப்பது கம்பனியே. எழுதினால் அது மூன்றில் ஒரு பங்காக எண்ணப்படுகிறது. அந்தப் பயன்பாட்டுக்கான தரவைத் திரட்டியவர் யார் என்று நீட்சி வழங்கும் சட்டவிதி கேட்பதில்லை. ஊரார் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊராருக்கே விற்றவனுக்கு, அடுத்த ஊர்க் கிணற்றையும் மூன்றாண்டு குத்தகைக்குக் கொடுத்தது போன்றதே இது.

"சொந்தப் பணம் செலவழித்து உண்டாக்கிய தரவு சொந்தச் சொத்து, சொத்துக்குக் காலவரை விதிப்பதே கொடுமை" என்று கம்பனிகளின் வழக்கறிஞர்கள் வாதிடுவர். இந்த வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. மொன்சாண்டோ கம்பனி தொடர்ந்த அவ்வழக்கில் 1984ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. தரவு ஒரு வகைச் சொத்தே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1972க்கும் 1978க்கும் இடையில், இரகசியம் காக்கப்படும் என்ற சட்ட உறுதியை நம்பிக் கொடுத்த தரவுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்றும் கூறியது. ஆனால் சட்டத்தின் நிபந்தனைகளை அறிந்துகொண்டே, விற்பனை அனுமதிக்குக் கைமாறாகத் தரவைக் கொடுத்தவன் பின்னர் என் சொத்தைப் பறித்துவிட்டார்கள் என்று முறையிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வீணான மறுசோதனைகளைத் தவிர்ப்பதும் போட்டியை வளர்ப்பதும் பொது நன்மை என்றும் அந்நீதிமன்றம் ஏற்றது. முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமான நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து நாம் பெறுவது இதுதான்: பத்தாண்டு என்பதும் பதின்மூன்றாண்டு என்பதும் இயற்கை வகுத்த உரிமைகளல்ல, அவை ஒரு பேரத்தின் நிபந்தனைகள். பேரமென்றால் மறுபக்கத்தில் நிற்கும் மக்களுக்கும் நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு.

கம்பனிக்குச் சாதகமான தரவை இத்தனை சிரத்தையுடன் காக்கும் சட்டம், பாதகமான தரவு வராமற் போகும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது? இதற்கு டாக்தல் என்ற களைநாசினியின் வரலாறு சாட்சி. டி.சி.பி.ஏ. என்பது அதன் இரசாயனப் பெயரின் சுருக்கம். 1958ஆம் ஆண்டில் முதன்முதற் பதிவு பெற்ற அது, புரொக்கோலி, கோவா, வெங்காயம் முதலிய பயிர்களின் களைகளுக்குப் பயன்பட்டு வந்தது. பழைய நாசினியாதலால் நாம் மேலே கூறிய நீட்சி அதற்கு உரியதன்று. ஆனால் சிறு பயிரும் தரவும் சந்திக்கும் இடத்தில் மனித உயிர் எவ்வாறு நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. 2013ஆம் ஆண்டில் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அந்நாசினியின் ஒரே உற்பத்தியாளரான அம்வாக் கம்பனியிடம் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைக் கேட்டது. வளரும் சிசுவின் தைரொயிட் சுரப்பிக்கு நேரும் பாதிப்பைப் பற்றிய ஆய்வும் அவற்றுள் ஒன்று. 2016 ஜனவரிக்குள் அனைத்தும் வந்திருக்க வேண்டும். சில ஆய்வுகள் போதாதவையாக வந்தன, சில வரவேயில்லை. பதிவை இடைநிறுத்தப் போவதாக 2022 ஏப்ரலில் அறிவித்தல் கொடுத்த பின்னரே, அவ்வாண்டு ஓகஸ்டில், தைரொயிட் ஆய்வு கைக்கு வந்தது.

வந்த செய்தி பயங்கரமானது. கர்ப்பிணியான தொழிலாளியின் உடலிற் படும் நாசினி, வயிற்றிலுள்ள சிசுவின் தைரொயிட் ஓமோனைக் குலைக்கலாம். பிறப்பு நிறை குறைதல், மூளை வளர்ச்சி குன்றுதல், அறிவுத்திறன் குறைதல் முதலியன அதனோடு தொடர்புடையவை. சில வேலைகளைச் செய்யும் கர்ப்பிணிகளுக்கு, பாதுகாப்பானது என்று மதிப்பிடப்பட்ட அளவைப் போல 4 முதல் 20 மடங்கு வரை நாசினி படக்கூடும் என்று அந்நிறுவனம் கணித்தது. தெளித்த பின் 12 மணி நேரம் தோட்டத்துள் நுழைய வேண்டாம் என்று புட்டியில் எழுதியிருந்தது. பல பயிர்களிலும் பல வேலைகளிலும் 25 நாட்களோ அதற்கு மேலோ ஆபத்து நீங்காது என்று தெரிய வந்தது. 2024 ஓகஸ்ட் 6ஆம் நாள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக, அவசரக் கட்டளையால் ஒரு பீடைநாசினி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதன் பதிவு முற்றாக நீக்கப்பட்டது.

காலக்கெடு கடந்த அந்த எட்டு ஆண்டுகளில் அத்தோட்டங்களில் எத்தனை தாய்மார் வேலை செய்திருப்பர்? அவர்கள் வயிற்றில் வளர்ந்தவற்றுக்குத் தரவுப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. போட்டிக் கம்பனி தரவைத் தொட்டால் முதல் நாளிலேயே தடை. கம்பனி தரவைத் தராவிட்டாலோ பொறுமை, கடிதம், மறுகடிதம், மேலும் பொறுமை. சட்டத்தின் இரு கைகளில் ஒன்று எஃகாலானது, மற்றது பஞ்சாலானது. எஃகுக் கை எவருக்காக எழுகிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு விடை கூற வேண்டும். "டாக்தல் போன்ற பழைய நஞ்சுகள் நீடித்ததற்குக் காரணமே புதிய நாசினிகள் சிறு பயிர்களுக்கு வராமைதானே? அப்படியானால் புதியவற்றைக் கொண்டுவர ஊக்கம் கொடுப்பது சரியல்லவா?" என்று கேட்கலாம். புதியன வர வேண்டும் என்பது சரி. ஊக்கம் வேண்டும் என்பதும் சரி. அந்த ஊக்கத்தைச் சிறு பயிரின் தேவையோடு பிணைக்காமல் பெரும் பயிரின் ஏகபோகத்தோடு பிணைத்ததே தவறு. கம்பனி அப்பயிருக்கு நாசினியை விற்காவிட்டால் நீட்சியைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்தில் ஒரு விதி இருப்பது உண்மையே. அவ்விதி விற்பனையைக் கேட்கிறது. தொழிலாளியின் உடல்நலத்தைக் கேட்கவில்லை.

அமெரிக்காவின் சட்டம் நமக்கெதற்கு என்று சிலர் எண்ணலாம். இத்தகைய சட்டங்கள் கப்பலேறிப் பயணம் செய்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, ஒவ்வொரு சிறு பயன்பாட்டுக்கும் மூன்று மாதமென்று கணக்கிட்டு, பத்தாண்டைப் பொதுவாகப் பதின்மூன்று ஆண்டு வரை நீட்டுகிறது. உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுச் சொத்துடன்படிக்கை 39ஆம் உறுப்புரையில் விவசாய இரசாயனங்களின் சோதனைத் தரவை நியாயமற்ற வணிகப் பயன்பாட்டிலிருந்து காக்கும்படி கூறுகிறது. எத்தனை ஆண்டு என்று அது கூறவில்லை. 1995இலேயே அந்நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்ற இலங்கையையும் அவ்வுறுப்புரை கட்டுப்படுத்தும். எழுதாமல் விடப்பட்ட அந்த எண்ணை அமெரிக்கா தனது வர்த்தக ஒப்பந்தங்களிலே எழுதி வருகிறது. 2004இல் அவுஸ்திரேலியாவோடும் மத்திய அமெரிக்க நாடுகளோடும் செய்த ஒப்பந்தங்களில் விவசாய இரசாயனங்களுக்குப் பத்தாண்டு என்று அது எழுதுவித்தது. நாளை நமது வாசலுக்கும் அந்தத் தாள் வரலாம். கம்பனியின் கணக்கில் நம் போன்ற சிறு நாடே ஒரு சிறு பயிர் அல்லவா?

நம் நாட்டிலும் எவர் பயிர் பெரிது என்ற கேள்வி எழாமலில்லை. 2015இல் கிளைபோசேற்று தடை செய்யப்பட்டது. 2018இல் அத்தடை தளர்ந்தபோது தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டுமே தளர்ந்தது. அந்த நாசினி நல்லதா தீயதா என்ற விவாதம் வேறு. அரசாங்கத்தின் செவியை எட்டும் குரல் எந்தப் பயிருக்கு இருக்கிறது என்பதையே இங்கு சுட்டுகிறோம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு அது சிறு பயிரன்று, அதுவே வாழ்வு.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. பொதுப்பணத்தில் பெற்ற சோதனை முடிவைக் காட்டி எந்தக் கம்பனியும் ஏகபோக ஆண்டுகளைச் சம்பாதிக்கக் கூடாது. சிறு பயிருக்குச் செய்த உதவிக்குப் பரிசு வேண்டுமானால், அப்பயிரின் பதிவோடு அது நிற்கட்டும். அல்லது மக்கள் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய விதத்தில் அரசாங்கப் பணமாகவே கொடுக்கப்படட்டும். உடல்நல ஆய்வு எதனையும் காலக்கெடுவுக்குள் கொடுக்கத் தவறிய கம்பனிக்கு ஒரு நாள் நீட்சியும் வழங்கக் கூடாது. அந்த நாசினியோடு வேலை செய்யும் ஆணும் பெண்ணும் தீர்மானிக்கும் சபையில் அமர வேண்டும். களை பிடுங்கும் கருவிகளையும் பயிர்ச் சுழற்சியையும் பற்றிய ஆராய்ச்சிக்கும், புட்டி விற்க வழியில்லை என்ற காரணத்தால் அது புறக்கணிக்கப்படாதவாறு, பொதுப்பணம் செல்ல வேண்டும்.

ஒரு நஞ்சைப் பற்றிய அறிவு, அந்த நஞ்சைத் தொட வேண்டியவர்களுக்கே முதலில் உரியது. வெங்காயப் பாத்தியில் குனிந்து நிற்கும் பெண் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடவில்லை. அவளுடைய இரத்தத்திலும் அவள் குழந்தையின் எடையிலும் எழுதப்படுவதும் தரவுதான். அதைப் பாதுகாக்கும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதுவிக்கும் வேலை நம்மையும் சேர்ந்தது.